பூவனலிங்கம் அனுப்பிய படம்

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளுக்குப் படம் வரைகிற பூவனலிங்கத்தின் சந்தேகம், உங்க வீட்டுச் சந்தேகம் எங்க வீட்டுச் சந்தேகம் இல்லை. வெற்றிலை வாங்கினால் அடி வெற்றிலையைப் புரட்டிப் பார்க்காமல் நகரமாட்டார். பிறவிக் குணமில்லை, பட்ட பாடு. இளவயதில் அவர் வரைந்த கிளியை மாதிரிக்கு வாங்கிப்போன ஒருத்தன், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தான். அடுத்த மாதம் பார்த்தால் அந்தக் கிளி ஊரெல்லாம் தீப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது! அன்றிலிருந்து எந்த மாதிரியையும் முழுசாகக் கொடுப்பதில்லை. மயிலுக்குக் கொண்டை இருக்காது, கப்பலுக்குக் கொடிமரம் இருக்காது. வேலை உறுதியான பிறகு நேரில் போய் வரைந்து முடிப்பார். அச்சாபீஸ்காரர்களும் பழகிப்போனார்கள்.

1962 ஐப்பசியில் பேப்பர் கடை பீர் முகம்மது ஒரு விளம்பரத்தை நீட்டினார். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தோட்ட முதலாளி, ஓவியர் ஒருவரை மூன்று மாதம் தங்கவைப்பாராம். ஓடைக்கரையில் குடிசை, வேளைக்குச் சாப்பாடு. கண்ணால் பார்ப்பதை வரைவது ஒன்றுதான் வேலை. விண்ணப்பத்தோடு அப்படி நேரில் பார்த்து வரைந்த ஒரு படம் அனுப்ப வேண்டும்.

“ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதையால்லா இருக்கு. இதுல உமக்கு என்ன கிடைக்கி?” என்றார் பூவனலிங்கம்.

“நல்லதுக்குக் காலமில்ல அண்ணாச்சி. வேண்டாம்னா தாரும், வடை மடிக்க ஆகும்.”

தரவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இருபது வருஷமாக இரண்டு விரல் அகலத்துக்குள் சிங்கமும் அருவியும் வரைந்தவர். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை, எல்லாம் படத்தைப் பார்த்து வரைந்த படம். ஒரு தடவையாவது நேரில் பார்த்து, கை வீசி வரையவேண்டும் என்ற ஏக்கத்தை மனைவி சொர்ணத்தாயிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

மழை விழுந்ததும் நாகலாபுரத்தில் மாமனார் காட்டுக்குப் போய், வரப்பில் உட்கார்ந்து நாலு நாள் வரைந்தார். நிலத்தை அளக்க வந்த சர்க்கார் ஆள் என்று ஊர்க்காரர்கள் அவரையே சந்தேகப்பட்டது தனிக்கதை. நனைந்த கரிசல், உழுகிற இரண்டு காளைகள். வீட்டுக்கு வந்து படத்தை விரித்ததும், தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்த சொர்ணத்தாய் பசைக் கையோடு எழுந்து வந்தாள்.

“எங்கய்யா மாடேதான்! வலத்து மாட்டுக்கு அந்தக் கோவம் கூட இருக்கே.”

பூவனலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பார்சல் கட்டுகிற அன்றைக்குத்தான் புத்தி பழைய தடத்தில் போயிற்று. கறுப்பைத் தொட்டு, வலத்து மாட்டின் முன்னங்கால் ஒன்றை மண்ணோடு மண்ணாக அழித்தார்.

“ஐயோ, என்ன காரியம் செய்யுதீங்க!”

“கூப்பிடட்டும். அங்கன போயி ஒரு நிமிசத்துல காலப் போட்டுருவேன்.”

“அவிய என்ன லேபிளா அடிக்கப் போறாவ?”

“அடிக்க மாட்டாவன்னு நீ கண்டியா?”

ஒரு மாதம் கழித்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே கசங்காமல் படம் திரும்பி வந்தது. நகலெடுத்த தடம் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கூட வந்த கடிதத்தைச் சொர்ணத்தாய் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

‘வந்த படங்களில் இந்த ஈர மண்ணைப்போல எதுவும் எங்களைக் கட்டிப்போடவில்லை. தங்களையே அழைக்க இருந்தோம். ஆனால் உழுகிற காளைக்கு மூன்று கால் போட்டவர், நேரில் பார்த்துத்தான் வரைந்தார் என்று நம்ப மனம் வரவில்லை. வேறொருவரை அழைத்துவிட்டோம்.’

“என்னையவே சந்தேகப்படுதானுவளே!” என்று குதித்தார் பூவனலிங்கம். குதித்து ஓய்ந்து, தலையில் கையை வைத்து உட்கார்ந்தார்.

“காரணத்தச் சொல்லி ஒரு கார்டு போடுங்க. அடுத்த வருசமாவது கூப்பிடுவாவ.”

நியாயமாகத்தான் பட்டது. கார்டை எடுத்து, ‘ஐயா அவர்களுக்கு’ என்று எழுதினார். அடுத்த வரி வரவில்லை.

“என்னன்னு எழுத? ஒங்களக் களவாணின்னு நெனச்சேன்னா?”

“ஆமா. அதத்தான் எழுதணும்,” என்றாள் சொர்ணத்தாய்.

பூவனலிங்கம் பேனாவை மூடிவிட்டார்.