முகூர்த்த நாளில் சக்கரத்தை நிறுத்துவது

கிணத்துக்கடவில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பஸ்ஸில் ஏற்கெனவே நிற்க இடமில்லை. சீர்த்தட்டுகள் தலைகளுக்கு மேலே கைமாறி வந்தன. ஒரு தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பு நழுவி என் பையின் மேல் உட்கார்ந்தது. "கண்ணு, முகூர்த்தத்துக்குள்ள பொள்ளாச்சி போயிருமா?" என்று பட்டுச்சேலைக்காரம்மா ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணியின் முதல் முகூர்த்தம். கோயமுத்தூர் மாவட்டமே எங்கள் பஸ்களில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இந்தச் சக்கரம் நின்றால்? விசிலை வாயில் வைத்தவன் ஊத மறந்து நின்றேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தற்காலிகக் கண்டக்டராக இருந்தேன். தற்காலிகம் என்றால், விடிந்ததும் டெப்போ வாசலில் போய் நிற்க வேண்டும். யாராவது லீவு போட்டால் டூட்டி, இல்லாவிட்டால் ஒரு டீ. எனக்குப் பெண் கேட்டுப் போன வீட்டிலும், "பையன் தங்கமுங்க, பர்மனென்ட் ஆகட்டும், பேசிக்கலாம்" என்று டீதான் கொடுத்து அனுப்பினார்கள். ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை சிக்கி நின்றதும் எங்களை நிரந்தரமாக்கும் ஷரத்தில்தான். அது இந்த முறை விட்டுப்போனால் அடுத்த ஒப்பந்தத்துக்குள் எங்களுக்குத் தலை நரைத்துவிடும்.

எங்கள் ஊர்ப் பேச்சுவார்த்தையில் குரல் உயராது. "நெம்பச் சிரமமுங்க" என்பார் நிர்வாக அதிகாரி. "புரியுதுங்க, எங்களுக்கும் சிரமந்தானுங்க" என்பார் எங்கள் சங்கச் செயலாளர். இரு தரப்பும் காபி குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, எழுந்து கும்பிடுவார்கள். பிறகு செயலாளர் வாசலுக்கு வந்து, பேச்சுவார்த்தை முறிந்தது என்று மைக்கில் முழங்குவார். ஆடியிலேயே அப்படி முறிந்துவிட்டது. ஆனால் ஆடியில் யாரும் எதையும் ஆரம்பிப்பதில்லை என்பதால் வேலைநிறுத்தம் ஆவணிக்குப் போயிருந்தது.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, முகூர்த்த நாளில் நிறுத்துவோம் என்றேன். கைதட்டல் கூரையைத் தொட்டது. "படிச்ச பையன் படிச்ச பையந்தானுங்க" என்று செயலாளரே எழுந்து வந்து முதுகில் தட்டினார். ஆணியிலிருந்து காலண்டர் இறங்கியது. நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய நாட்களைத் தள்ளிவிட்டு அடுத்த முகூர்த்தத்தில் விரலை வைத்தேன்.

பொருளாளர் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு எங்க மச்சினனுக்குக் கண்ணாலமுங்க. எங்கூட்டுக்காரிதான் அக்கா. அவ இணைச்சீருக்கு நிக்காட்டி மாப்பிள்ளை மணவறை ஏற முடியாதுங்களே."

"நீங்க முந்தின நாளே போயிருங்கண்ணா."

"நாங்க போயிருவம். சனம்? பஸ்ஸு ஓடாட்டி பந்தியில ஆரை உக்கார வெக்கறது?"

அடுத்த முகூர்த்தத்தில் டைம்கீப்பரின் தங்கைக்குக் கல்யாணம். அதற்கடுத்த தேதிக்கு விரல் போனதும் செயலாளர் காலண்டரையே கையால் மூடினார். "அன்னிக்கு எங்க பையனுக்குங்க. எல்லார்த்துக்கும் பத்திரிகை வெச்சிருக்கறனல்லங்க?"

"நிர்வாகத்துக்குமா?"

"வெக்காம உட்டா மரியாதைங்களா தம்பி?"

சரி, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்ப்போம் என்று நானே இறங்கி வந்தேன். முதலில் அகப்பட்டது அஷ்டமி, அடுத்தது கரிநாள். "கரிநாள்ல ஆரம்பிச்சா வெளங்குமுங்களா?" என்று கேட்டவர், ஊரில் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காத பொருளாளர். அவர் முகத்தைப் பார்த்தேன். "எனக்கு நம்பிக்கை இல்லீங்க தோழர்" என்றார் உடனே. "ஊட்டுல கேக்கோணுமில்ல?"

கடைசியில், தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்ற ஒரே திருத்தத்துடன் வேலைநிறுத்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் ஜிந்தாபாத் போட்டார்கள். நானும் போட்டுத் தொலைத்தேன்.

எங்களுக்குத் தேதி கிடைக்காத செய்தி அதிகாரியின் காதுக்கு எட்ட அதிக நேரமாகவில்லை. அடுத்த சுற்றில் அவர் மிகுந்த பணிவோடு, சம்பள உயர்வை மட்டும் இப்போது கையெழுத்திடலாம், தற்காலிகப் பையன்களைப் பிறகு பார்க்கலாம் என்றார். செயலாளர், மகன் கல்யாணம் முடிந்ததும் பதில் சொல்வதாகக் கும்பிட்டு வந்தார். "உங்களையெல்லாம் உட்டுருவமா? பாத்துக்கலாங் கண்ணு" என்றார் என்னிடம். கூட்டத்தில் 'தம்பி'யாக இருந்தவன் 'கண்ணு' ஆனதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரம் டெப்போவின் கரும்பலகையில் செயலாளர் மகனின் கல்யாண நாளுக்கான டூட்டி எழுதினார்கள். நிரந்தரமானவர்கள் அத்தனை பேரும் லீவு. கல்யாணத்துக்கு வருவோர் போவோருக்கான ஸ்பெஷல் பஸ் உட்பட, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எதிரே தற்காலிகக்காரன் பெயர்தான். சங்கத்தால் தொட முடியாத நாளின் சக்கரமெல்லாம் எங்கள் கையில்! பலகை முன்னாலேயே குதித்துவிடாமல் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கருமத்தம்பட்டியிலிருந்து வரும் தற்காலிக டிரைவர் பக்கத்தில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன். "ஏப்பா, அன்னிக்கு நாம வராம இருந்துபோட்டா, மறுநாள் வாசல்லயே சேத்தமாட்டாங்க" என்றான்.

"இப்ப மட்டும் உள்ள கூப்பிட்டு விருந்தா வெக்கறாங்க?"

அவன் சிரிக்கவில்லை. பலகையை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தான். "எனக்கு மொய் மிச்சம்" என்றான் பிறகு.

அவன் டிரைவர்களிடமும் நான் கண்டக்டர்களிடமும் ஆள் ஆளாகப் பேசுவதென்று முடிவானது. எல்லோரும் சரியென்றால் கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் சேர்ந்து போய்ச் செயலாளரைப் பார்ப்போம். அதிகாரியிடம் எங்கள் ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் ஸ்பெஷல் ஓடும். கொடுக்காவிட்டால், மாப்பிள்ளை வீட்டுச் சனம் மண்டபத்துக்கு நடந்து வர வேண்டியதுதான். முதலில் யாரைப் பிடிப்பது என்று பார்த்தேன். டிக்கெட் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒல்லியான தற்காலிகக் கண்டக்டர் ஒருவன் வாசலுக்குள் வந்துகொண்டிருந்தான். என் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு அவனை நோக்கி ஓடினேன்.