மூத்தாருக்குக் கொடுத்த விதை

என் வீட்டுக்காரர் இறந்துபோன மறு வருஷமே அவருடைய அண்ணன், என் மூத்தார், பாகம் பிரித்தார். கிணற்றடி நிலம் அவருக்கு. வேரழுகல் பிடித்து வருஷா வருஷம் கடலைச்செடி காயும் மேட்டுக்கொல்லை எனக்கு. அதோடு விட்டாரா? உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் காதில் விழ, "இந்தப் போகமும் போச்சுன்னா கொல்லய என்னாண்ட வுட்டுட்டு கம்பெனி வேலைக்கு வேன்ல ஏறிக்கோம்மா" என்றார். மூத்தார் எதிரில் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். திறக்கவில்லை.

விவசாய ஆபீஸில் நடந்த பயிற்சிக்குப் போனேன். சூடோமோனாஸ் என்று ஒரு பவுடரைக் காட்டினார்கள். அதில் இருப்பது மண்ணிலேயே வாழும் பாக்டீரியா. விதையில் ஒட்டிக்கொண்டு, வேரோடு வேராகப் பெருகி, அழுகல் பூஞ்சைக்கு வேண்டிய இரும்புச்சத்தை முந்திக்கொண்டு எடுத்து, அதைப் பட்டினி போட்டுவிடுமாம். கேட்டதும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சத்தமே இல்லாமல் பக்கத்திலேயே இருந்து பட்டினி போடுவது! இப்படி ஒரு கூட்டாளியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் விதைப்பு. ஆறிய கஞ்சியில் பவுடரைக் கரைத்து விதைக்கடலையில் புரட்டி, வேப்பமர நிழலில் உலர்த்தினேன். மிச்சப் பவுடரை மக்கிய எருவோடு கலந்து கொல்லை முழுக்கத் தூவினேன். மூத்தார் பார்த்துக்கொண்டே இருந்தார். போன வருஷம் அவர் நிலத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடலைச்செடி வாடியிருந்தது. மறுநாள் அவரும் அதே பவுடரோடு களத்துக்கு வந்தார். வந்தவர், நெல்லுக்கு வாங்கி மிஞ்சிய காப்பர் மருந்தையும் பவுடர் கரைத்த அதே அன்னக்கூடைப் பாத்திரத்தில் கொட்டினார்.

"ரெண்டும் சேந்தா டபுள் பவரு" என்று தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த மருந்து பட்டால் பாக்டீரியா செத்துப்போகும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மூத்தாருக்குப் புத்தி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லையே. அந்த வழக்கத்தை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் பயபக்தியோடு கடைப்பிடித்ததில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

மாசியில் அவர் நிலத்தில் திட்டுத் திட்டாகச் செடி கருகியது. பிடுங்கினால் வேர் அழுகி மண்ணிலேயே நின்றுவிட்டது. என் கொல்லையிலும் சில செடிகள் போயின, இல்லை என்று சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் பச்சைப் பசேல். பங்குனிக் கடைசியில் கடலை பிடுங்க வந்த பெண்களில் ஒருத்தி "உன்னுது நல்லா காய் புடிச்சிகீதுக்கா" என்றாள். மூத்தார் வரப்பில் வரும்வரை காத்திருந்து, அதையே இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

அடுத்த விதைப்புக்கு அவரிடம் நல்ல விதை இல்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"அதே பவுடருதான நானும் போட்டேன். இன்னாதான் ஆச்சு?"

"காப்பர் மருந்து கலந்தீங்களே மாமா, அப்பவே அது செத்துப்போச்சு."

"பாத்துக்கினுதான இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் மனைவி தரையைப் பார்த்தார்.

விதை கொடுத்தேன். நானே பவுடர் புரட்டி, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டி வைத்தேன். அவளுக்குப் பெரிய மனசு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொள்ள மூத்தார் என் முன்னால் குனியவேண்டியிருந்தது. அதற்காகத்தான் கொடுத்தேன்.