பெஞ்சைத் தட்டிப் பார்த்தவர்

கந்தர்வக்கோட்டை டீக்கடையில் அந்த மலேசியாக்காரர் மரப்பெஞ்சை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நரைத்த மீசை. கையில் ஒரு பழைய போட்டோ.

“எங்க தாத்தா இந்த ஊருதாங்க. வெள்ளைக்காரன் காலத்துல தச்சு வேலைக்கு மலாயா போனவரு. இங்க ஆசாரிமாருங்க யாராச்சும் இருக்காங்களா?”

என்னோடு ஆபீஸ் நண்பர்கள் இருந்தார்கள். நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை என்று அவர்களிடம் சொன்னதே இல்லை.

“யாரும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் எழுந்து வந்து, நண்பர்கள் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்: “நீங்களும் தட்டிப் பாத்துட்டுத்தான் தம்பி உக்காந்தீங்க.”

போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதில் இருப்பது யாரென்று நான் கேட்கவே இல்லை.