கெட்டவனுக்கு ஒரு நல்ல வார்த்தை

"கெட்டவன் எப்படி? அவனப் பத்தி ஒரு நல்லது சொல்லு, பாப்போம்." ஞாயிற்றுக்கிழமை காலைப் பொம்மைப்படம் விட்டதும், மலேசியாவின் ஈப்போ நகரத் தியேட்டர் வாசலில் பிள்ளைகளை மடக்கிக்கொண்டு சன்னாசி இப்படித்தான் கேட்பார். சைக்கிளில் கட்டிய மரப்பெட்டிக்குள் வறுத்த கடலையும் பட்டாணியும் முறுக்கும் தடுப்புத் தடுப்பாக இருக்கும். காசு கொடுப்பவர்களுக்குக் காகிதச் சுருளில் தருவார். கெட்டவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லும் பிள்ளைக்கு உள்ளங்கையில் ஒரு பிடி, இனாம். முதலில் வார்த்தை, அப்புறம்தான் கடலை.

பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும். வாள் வீசிய இளவரசனைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்லும். பச்சை மூஞ்சி மந்திரவாதியிடம் என்ன நல்லதைக் கண்டுபிடிப்பது? ஆனால் கடலை வாசம் யாரை விட்டது. "தூங்கறதுக்கு முன்னாடி காக்காவுக்குச் சோறு வெச்சான், மாமா" என்று ஒன்று ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்லும். அரக்கன் குகையில் தன் தாயின் படத்தை மாட்டி வைத்திருந்ததை இன்னொன்று கவனித்திருக்கும். சன்னாசி நீதிபதி மாதிரி தலையாட்டிவிட்டு அள்ளிப் போடுவார். சீனப் பிள்ளைகளிடம் இதே விசாரணை மலாயில் நடக்கும். ஒரு நல்லதும் இல்லை என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. அதில் மட்டும் மனுஷன் கல்.

டிக்கெட் கிழிக்கும் லூர்துசாமிக்கு இது வேடிக்கை. சாயம் பூசின பொம்மைக்கு இவ்வளவு வக்காலத்தா என்று ஒருநாள் சீண்டினார்.

"நல்லவன எவன் கேள்வி கேட்டான் லா? படம் வரையறவன் வாளக் குடுத்தான், குதிரயக் குடுத்தான், போடான்னு விட்டுட்டான். கெட்டவனுக்கு மூஞ்சியிலயே கோணல வரைஞ்சு வெச்சுட்டான். நெசத்துல அப்படியா இருக்கு? என் மூஞ்சியப் பாரு" என்றார் சன்னாசி.

லூர்துசாமி பார்த்தார். நரைத்த மீசையும் வெற்றிலைக் கறைப் பல்லுமாக, சாதுவான மூஞ்சி. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மூஞ்சியை ஏறிட்டுப் பார்க்காமலே ஒருத்தி இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறாள். மனைவி இருளாயிதான். ஊரோரம் புந்தோங்கில் உள்ள வீட்டில் விடியுமுன் எழுந்து, மணலைச் சூடாக்கி, அத்தனை கடலையையும் வறுப்பவள் அவள். சோறு போடுவாள், துணி துவைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. "கடலை ஆறிடுச்சு" என்பதைச் சுவரிடம் சொல்வாள். சன்னாசியும் சுவருக்கே பதில் சொல்லிப் பழகிவிட்டார். பழகிவிட்டார் என்று எழுதுவது சுலபம். இன்றைக்காவது தன்னைப் பார்த்து 'இந்தாங்க' என்று ஒரு சொல் வராதா என்று தட்டின் முன்னால் காத்திருப்பதுதான் அவர் பாடு.

ஐம்பத்தொன்றாம் வருஷம், வெள்ளைக்காரர்கள் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். இருவரும் காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருளாயியின் தம்பி பத்துமலை, காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்தவர்களுக்குப் பால்வாளிக்குள் அரிசி கடத்தினான். கடத்துவது யாரென்று சொல்லாவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுவதற்கும் அரிசி நிறுத்தப்படும் என்று அதிகாரி ஒருவர் சன்னாசியைத் தனியே கூப்பிட்டு மிரட்டினார். சொன்னால் பையனைக் கண்டித்து விட்டுவிடுவதாக வாக்கும் கொடுத்தார். சன்னாசி சொன்னார். லயத்தில் உலை கொதித்தது. பத்துமலையை, அவன் கண்ணாலும் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை தகவல் இல்லை. அந்த அரிசியைத் தின்ற வாயெல்லாம்தான் மச்சானைக் காட்டிக்கொடுத்தவன் என்று பேசியது. பாவம், மனுஷன் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு சன்னாசிக்குக் கடுங்காய்ச்சல். வறுத்த கடலை வீணாகக் கூடாதென்று இருளாயியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். படம் விட்டது. பிள்ளைகள் ஓடிவந்து, அவள் கேட்காமலே, கெட்டவனைப் பற்றி ஆளுக்கொரு நல்லது சொல்லிவிட்டுக் கையை நீட்டின. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மாமா அப்படித்தான் கேப்பாரு, அத்தே. கெட்டவனுக்கு ஒரு நல்லது சொன்னாத்தான் கடலை" என்று ஒரு சிறுமி விளக்கினாள். இருளாயி அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள் என்கிறார் லூர்துசாமி. பிறகு நீட்டிய கைகளிலெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறாள்.

மத்தியானம் வீடு திரும்பியவள் பெட்டியைச் சன்னாசியின் பாய் ஓரத்தில் இறக்கினாள். அடியில் கொஞ்சம் கடலை மிஞ்சியிருந்தது. அன்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகளைப் போலவே உள்ளங்கையை நீட்டினாள். சன்னாசி தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருளாயி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. நீட்டிய கையை மட்டும் அவள் மடக்கவில்லை.