மூன்றாவது ‘எடுத்தாச்சு’

“எடுத்தாச்சா?” என்று கணினி பழுதுபார்க்கும் அக்கா இரண்டாம் முறை கேட்டுவிட்டு, விரலை விசைக்கு மேலே அந்தரத்தில் நிறுத்திக்கொள்கிறார். எதிரே நிற்கும் பள்ளி ஆசிரியர், வேண்டிய கோப்புகளையெல்லாம் எடுத்து வைத்தாயிற்று என்கிறார். காதில் விழவில்லையாம். மூன்றாம் முறை உரக்கச் சொன்னால்தான் கணினியைத் துடைத்துப் புதிதாக ஓ.எஸ். போடுவார். தெருவில் அவருக்குப் பெயரே ‘மூணு தடவை அக்கா’.

சதவீதம் ஓடத் தொடங்கியதும் ஆள் மாறிவிடுவார். பத்துக்குச் சுழல் நாற்காலியில் ஒரு சுற்று, இருபதுக்கு இன்னொன்று. நூறு வந்ததும் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் திரையைப் பார்ப்பார். “பொறந்த கொழந்த மாதிரி இருக்கு பாருங்க. ஒரு பாவமும் அறியாது.”

உபதேசம் ஊருக்குத்தான். சொந்தக் கணினியை ஒன்பது வருடமாக அவர் துடைத்ததே இல்லை. அது விழித்தெழுவதற்குள், கடையின் மறுபாதியில் தையல் மெஷின் போட்டிருக்கும் கணவர் ஒரு சட்டைக்குக் காலரே வைத்துவிடுவார். காரணம், அதற்குள் இருந்த பழைய சீட்டு விளையாட்டு. வெற்றிகள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. மற்றதையெல்லாம் பிரதி எடுக்கலாம். அந்த எண் மட்டும் எந்த வித்தைக்கும் மசியவில்லை.

போன வாரம் கணினி கண் திறக்கவே மறுத்துவிட்டது. கழற்றி, கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றி, பென்டிரைவைச் செருகினார். விரல் அந்தரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

கணவர் எழுந்து வந்து மனைவியை வாடிக்கையாளர் முக்காலிக்குத் தள்ளிவிட்டுச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். “எடுத்தாச்சா?”

இரண்டு முறை முனகலாகப் பதில் வந்தது. மூன்றாவதற்கு அக்கா பேச்சை மாற்றினார்.

“நாலாயிரம்ங்க. ஒரே நாள்லயா வந்துச்சு?”

“கஸ்டமர் கத சொன்னா நீ கேப்பியா? சத்தமா சொல்லு. பக்கத்துக் கடைக்குக் கேக்கணும்.”

எதிர்க்கடைக்கே கேட்டது. கணவர் விசையை அழுத்தினார்.

ஒன்று, இரண்டு என்று ஊர்ந்தது. பத்து வந்ததும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலியில் வேறொருவர் இருக்கிறாரே என்று பார்க்கவில்லை. கணவரையும் சேர்த்தே சுழற்றினார். இருபதுக்கு அவர் கழுத்து அளவுநாடா பறந்தது. முப்பதுக்கு, நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டார். தொண்ணூறு வரை நிற்கவில்லை.

திரை துடைத்துவிட்ட கண்ணாடியாக வந்து நின்றது. அக்கா முதல் வேலையாகச் சீட்டு விளையாட்டை ஏற்றினார். வெற்றிகள்: பூஜ்யம்.

தலை சுற்றிப் போய் உட்கார்ந்திருந்த கணவரின் காதிடுக்கிலிருந்து தையல் சாக்பீஸை உருவினார். திரையின் கறுப்பு விளிம்பில், பூஜ்யத்துக்கு நேராக, அழுத்தி எழுதினார்: 4112 +