தும்மல் விஞ்ஞானி

எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்கப் பசை தடவிய கண்ணாடி வைத்திருந்தார் ஒவ்வாமை ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா. நரைத்த கிராப்பு, சிவந்த மூக்கு. அதே மகரந்தம் அவருக்கும் ஆகாது. தும்மியதும், "விருந்தாளி வந்தாச்சு" என்று சிரிப்பார்.

"மருந்து கண்டுபுடிக்கறதுக்குள்ள மூக்கு தேஞ்சிடும்ங்க" என்பேன்.

ஒருநாள் அவருடைய மேலதிகாரி வந்தார். "இந்த வேலை உங்க உடம்புக்கு ஒத்துக்கலைம்மா. ஆபீசுக்கு மாத்திடறேன். ஆராய்ச்சியை வேற யாராச்சும் பாக்கட்டும்."

"உடம்பு ஒத்துக்கலைதான் சார். நீங்க சொல்றதை நானும் ஒத்துக்கலை."

சொல்லிவிட்டு அம்மா மாடிப்படி ஏறிவிட்டார். மேலேயிருந்து கேட்ட தும்மல், யாரையோ அதட்டியது போலத்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.