கம்பியைத் தொடாத மீட்டர்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் சூடாகிறதே என்று ஒரு மெக்கானிக்கை அழைத்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் கம்பியை அவர் நண்டுக் கொடுக்கு போன்ற ஒரு மீட்டரால் சும்மா சுற்றி வளைத்துப் பிடித்தார். திரையில் எண் வந்துவிட்டது.

"கம்பியக் கழத்த வேண்டாமா தம்பி?"

"தொடக்கூட வேண்டாம்க்கா. கரண்டு ஓடுனா கம்பியச் சுத்திக் காந்தம் வருதுல்லா, அதை வச்சே இது அளந்துரும்."

மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்தது. கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் அப்பா வயர்மேனாக இருந்தபோது அவர் சட்டையில் வீசிய வாடை. அங்கே கரண்டை அளக்க, மெயினை அணைத்து, கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரை இணைப்பார். நான் ஆறாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் அவர் இணைத்துக்கொண்டிருக்கும்போதே, மிஷின் நிற்கிறதே என்று சூப்பர்வைசர் மெயினைப் போட்டுவிட்டார். அப்பாவின் வலது கை வெந்துபோனது. விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. அப்பாவின் கவனக்குறைவு என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது, அப்பா எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி வாய் திறப்பார்.

மெக்கானிக் போனதும் உள்ளறையில் படுத்திருந்த அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பவே இப்படி ஒண்ணு இருந்திருந்தா உங்க கை தப்பிச்சிருக்கும்லாப்பா."

"இருந்துச்சுட்டி," என்றார் அப்பா. "மேனேஜர் ரூம் கண்ணாடி பீரோவுல. வெல கூடுன சாமானாம். வயர்மேன் கையில குடுத்தா கீழ போட்டு உடைச்சிருவானாம்."